ரயிலில் கேட்ட ஒரு சொல்

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எந்தத் திசைக்கு பஸ் ஏறினாலும் சரி, பிரயாணி வாயை மூடிக்கொண்டு ஊர் போய்ச் சேர்வது அபூர்வம். அறந்தாங்கி வண்டியில் இடம் பிடித்து உட்கார்ந்தவுடன் பக்கத்து இருக்கைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "தம்பிக்கு எந்த ஊரு?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "அங்கே யாரு வீடு?" மூன்றாவது கேள்விக்குள் ஒரு சொந்தமோ, ஒரு சிநேகிதமோ, குறைந்தபட்சம் ஒரு கோயில் திருவிழாவோ இருவருக்கும் பொதுவாக அகப்பட்டு விடும்.

கீரமங்கலம் பக்கத்து வண்டியென்றால் பூக்கூடை வாசனை முன்னால் வந்து ஏறும். ஆலங்குடி வழி வண்டியில் பலாப்பழம் ஒரு ஆளின் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தஞ்சாவூர் சாலையில் ஆதனக்கோட்டையை நெருங்கும்போது முந்திரிப் பருப்பு விலையைப் பற்றி யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்; வண்டி முழுவதும் அதில் கலந்துகொள்ளும். மழை, கண்மாய்த் தண்ணீர், பெண்ணுக்கு வரன், பேரனுக்கு உத்தியோகம் என்று பேச்சு ஓடும். இறங்கும் இடம் வந்ததும், "வர்றேங்க" என்று ஒரு வார்த்தை. பேசியவர் யார், கேட்டவர் யார் என்பது இருவருக்குமே தெரியாது. மறுபடியும் சந்திக்கப் போவதும் இல்லை.

இப்படிப்பட்ட வழிப் பேச்சுகள் கோடிக்கணக்கில் காற்றோடு போகின்றன. ஆனால் தமிழ்நாட்டு ரயில் ஒன்றில் நடந்த அப்படி ஒரு பேச்சு காற்றோடு போகவில்லை. அது ஒரு மனிதரின் உடையை மாற்றியது. அந்த மனிதர் மகாத்மா காந்தி. அவரோடு பேசியவர்கள் யார் என்பதை எந்த நூலும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை.

அந்தச் செப்டம்பர் மாதம்

1921-ம் வருஷம். ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த காலம். அந்நியத் துணி பகிஷ்காரத்தை செப்டம்பர் 30-ந் தேதிக்குள் முற்றிலும் நிறைவேற்றிவிட வேண்டும் என்று காங்கிரஸ் கெடு வைத்திருந்தது. ஜூலை 31-ந் தேதி பம்பாயில் சீமைத் துணிகளை மலைபோலக் குவித்து காந்திஜி தீ மூட்டினார். பட்டும் மஸ்லினும் சாம்பலாயின.

செப்டம்பர் மாதத்தில் காந்திஜி தென்னாட்டுக்குப் புறப்பட்டார். உடன் வந்தவர் மௌலானா முகமது அலி. வழியில், வால்டேர் ஸ்டேஷனில், செப்டம்பர் 14-ந் தேதி முகமது அலியைப் போலீசார் கைது செய்தார்கள். தோளோடு தோளாக நின்ற தோழர் கண்ணெதிரே கொண்டு போகப்பட்டார். காந்திஜி மனக்கலக்கத்தை வெளியே காட்டாமல் பிரயாணத்தைத் தொடர்ந்து சென்னை வந்து சேர்ந்தார். அங்கிருந்து கடலூர், கும்பகோணம், திருச்சி என்று ஊர் ஊராகக் கூட்டங்கள். முடிவில் மதுரை.

அப்போது அவர் உடுத்தியிருந்தது கதர்தான். தலையில் வெள்ளைக் குல்லாய், உடம்பில் சட்டை, இடையில் முழு வேட்டி. 1915-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி வந்தபோது கத்தியவார் தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்திருந்தவர், படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்து நின்ற இடம் அது. சாதாரண குடியானவன் ஒருவன் பக்கத்தில் நின்றால் அந்த உடையும் செல்வந்தர் உடையாகவே தோன்றும் என்பது அவர் உள்ளத்தை உறுத்திக்கொண்டிருந்தது.

வண்டிக்குள் நடந்த பேச்சு

சென்னையிலிருந்து மதுரை செல்லும் வழியில் ரயில் பெட்டியில் ஜனக்கூட்டம். நாட்டில் இவ்வளவு பெரிய கொந்தளிப்பு நடக்கிறதே என்ற நினைவே இல்லாதவர்களாக அவர்கள் காணப்பட்டார்கள். அநேகமாக எல்லாருடைய உடம்பிலும் அந்நியத் துணி. அதுவும் மேனிமினுக்கான துணி. காந்திஜி வாளாவிருக்கவில்லை. அருகிலிருந்தவர்களோடு பேச்சுக் கொடுத்தார். கதர் உடுத்தலாகாதா என்று கேட்டார். ஏன் உடுத்த வேண்டும் என்பதற்குக் காரணங்களையும் எடுத்துச் சொன்னார்.

அவர்கள் தலையை அசைத்தார்கள். தாங்கள் ஏழைகள் என்றும், கதர் விலை அதிகம் என்றும், வாங்கக் கட்டுப்படியாகாது என்றும் பதில் சொன்னார்கள்.

நடந்தது இவ்வளவுதான். இதில் வாக்குவாதம் இல்லை, கோபம் இல்லை. கடைத்தெருவில் நாள்தோறும் கேட்கக்கூடிய பதில் அது. காந்திஜியே பின்னாளில் இந்தச் சம்பவத்தை விவரித்திராவிட்டால் இப்படி ஒரு பேச்சு நடந்ததே உலகத்துக்குத் தெரிந்திராது.

வேறொரு தலைவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? உங்கள் மேலிருக்கும் சீமைத் துணிக்கு மட்டும் பணம் எங்கிருந்து வந்தது என்று மடக்கியிருப்பார். கேள்வியும் நியாயமான கேள்விதான். பளபளப்பான துணி உடுத்தியவர்கள் வறுமையைக் காரணம் காட்டுவது முழு உண்மை ஆகாது என்பது காந்திஜிக்குத் தெரியாததல்ல. அவர்கள் சொன்னது ஓரளவு உண்மைதான் என்றே அவரும் எழுதினார். ஆனால் அந்த ஓரளவு உண்மை அவரை விடவில்லை.

பாதி உண்மையும் முழு உண்மையும்

இந்தப் பிரயாணிகளுக்கு அது சாக்காக இருக்கலாம். ஆனால் ஜன்னலுக்கு வெளியே வயல்களில் நின்றவர்கள் கதை என்ன? நான்கு அங்குல அகலமும் ஏறத்தாழ நான்கடி நீளமும் உள்ள ஒரு கோவணத்தைத் தவிர வேறு துணி காணாத லட்சோபலட்சம் பேர் இருந்தார்கள். அவர்கள் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுடைய உடம்பே சொல்லிற்று. ரயிலில் இருந்தவர்கள் வாயால் பாதி உண்மையைச் சொன்னார்கள். வெளியே இருந்தவர்கள் வெற்றுடம்பால் முழு உண்மையையும் சொன்னார்கள் என்பதே காந்திஜி கண்ட பொருள்.

ஒருவனிடம் இருக்கும் ஒரே துணியை, அது சீமைத் துணி என்பதற்காக நெருப்பில் போடச் சொன்னால், மறுநாள் அவன் எதைக் கட்டிக்கொள்வான்? புதுக் கதர் வாங்கப் பணம் எங்கே? பகிஷ்கார இயக்கம் முழுவதும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. மேடையில் கைதட்டுவோர் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ரயிலில் முன்பின் அறியாதவர்கள் கேட்டார்கள்.

இந்த எண்ணம் அவருக்குத் திடீரென்று உதித்ததும் அல்ல. வங்காளத்தில் குல்னா ஜில்லாவில் பஞ்சம் வந்தபோது, அங்கே ஜனங்கள் உணவும் உடையும் இன்றித் தவிக்கையில் இங்கே துணியைக் கொளுத்துகிறீர்களே என்ற ஏச்சு அவர் காதில் விழுந்தது. அப்போதே உடையைக் குறைத்துவிட நினைத்தார். முகமது அலி கைதானபோது மறுபடியும் நினைத்தார். வெறும் ஆடம்பரமாகத் தோன்றுமோ என்று அடக்கிக்கொண்டார். மூன்றாவது தடவை தமிழ்நாட்டில் வந்தது. இந்தத் தடவை அவர் தள்ளிப் போடவில்லை.

இன்னும் பின்னோக்கிப் பார்த்தால், துணியும் மானமும் பற்றிய பாடத்தை அவருக்கு முதலில் புகட்டியவரும் ஒரு தமிழரே. 1894-ல் டர்பன் நகரில் காந்திஜி இளம் வக்கீல். பாலசுந்தரம் என்ற ஒப்பந்தக் கூலித் தொழிலாளி, எஜமானன் அடித்ததில் முன்பற்கள் உடைந்து, வாயில் ரத்தம் ஒழுக, கிழிந்த உடையோடு அவரிடம் வந்து நின்றார். தலையில் கட்டியிருந்த துணியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வெள்ளைக்காரர் முன்னால் அப்படி நிற்க வேண்டும் என்பது அங்கே பழக்கம். தம் முன்னும் அப்படியே நின்ற அவரைத் துணியைத் திரும்பத் தலையில் கட்டிக்கொள்ளும்படி காந்திஜி சொன்னார். பாலசுந்தரம் தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டபோது அந்த முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை அவர் சுயசரிதையில் மறவாமல் குறித்திருக்கிறார்.

மேலமாசி வீதியில் விடிந்த காலை

தம் எண்ணத்தை உடன் வந்த தோழர்களிடம் காந்திஜி சொன்னார். ராஜாஜியும் டாக்டர் ராஜனும் மௌலானா ஆசாத் சோபானியும் அவர்களில் சிலர். எல்லாரும் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. சிலருக்கு மனம் சஞ்சலப்பட்டது. தலைவர் அரை நிர்வாணமாக ஊர்வலம் போனால் உலகம் என்ன சொல்லும்? ஜனங்கள் இதை என்னவென்று எடுத்துக்கொள்வார்கள்? தயக்கம் இயல்பானதே.

மதுரையில் காந்திஜி தங்கியது மேலமாசி வீதி வீடு ஒன்றின் மாடியில். செப்டம்பர் 22-ந் தேதி காலையில் குல்லாயும் சட்டையும் முழு வேட்டியும் போயின. இடையில் ஒரு சிறு துண்டு மட்டும். குளிருக்கோ வெயிலுக்கோ வேண்டும்போது மேலே ஒரு போர்வை. அந்தக் கோலத்தில் அவர் முதன்முதலாகப் பொதுமக்கள் முன் தோன்றிய இடம் இன்று மதுரை காமராஜர் சாலையில் காந்தி பொட்டல் என்ற பெயரோடு விளங்குகிறது. மேலமாசி வீதி வீட்டில் பிற்காலத்தில் கதர் விற்பனை நிலையம் அமைந்தது. அது பொருத்தமான முடிவுதான்.

அன்று வெளியிட்ட அறிக்கையில், அக்டோபர் 31-ந் தேதி வரையிலாவது இந்த உடையோடு இருப்பது என்றே அவர் சொன்னார். தம்முடைய பிரதேசத்தில் வெறுந்தலையும் வெற்றுடம்பும் துக்கத்தின் அடையாளம் என்றும் குறிப்பிட்டார். சகாக்கள் யாரும் தம்மைப் பின்பற்றி உடையைக் களைய வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நாற்பது நாள் விரதம் போல ஆரம்பித்த அந்த உடை, 1948 ஜனவரி 30-ந் தேதி வரை, இருபத்தாறு வருஷத்துக்கு மேல் நீடித்தது. அன்று அவர் உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணியின் ஒரு பகுதியும், 1959-ல் ஜவாஹர்லால் நேரு திறந்து வைத்த மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கே வந்து சேர்ந்தது.

கவி எழுப்பிய ஆட்சேபம்

துணி எரிப்பைப் பற்றிய கேள்வியை ரயில் பிரயாணிகள் மட்டும் எழுப்பவில்லை. அதே 1921-ம் வருஷம் கவி ரவீந்திரநாத் தாகூரும் பகிரங்கமாக எழுப்பினார். உடுக்கத் துணியில்லாதவர்கள் நிறைந்த தேசத்தில் துணியைக் கொளுத்துவது சரியா, ஜனங்கள் சிந்தித்துச் செய்கிறார்களா, சொன்னதற்காகச் செய்கிறார்களா என்பது அவருடைய கவலை. அக்டோபர் 13-ந் தேதி 'யங் இந்தியா' பத்திரிகையில் காந்திஜி அவருக்குப் பதில் எழுதினார். பட்டினி கிடப்பவனுக்கு வேலையும் கூலியுமே கடவுள் என்ற கருத்தை அந்தக் கட்டுரையில் விளக்கினார்.

கவிக்குக் கட்டுரையால் பதில் சொன்னவர், ரயில் பிரயாணிகளுக்கு எழுத்தால் பதில் சொல்லவில்லை. தம் உடம்பால் பதில் சொன்னார். கதர் வாங்கக் கட்டுப்படியாகவில்லையா? அப்படியானால் சிறு துண்டு போதுமே! விலை அதிகமென்றால் அளவைக் குறைத்துக்கொள்ளலாமே! இதுதான் அந்தப் பதில். இதில் பிறரைக் கண்டிக்கும் சொல் எதுவும் இல்லை. சொன்னவரே முதலில் குறைத்துக்கொண்டார்.

நெய்தவர்களையும் சந்தித்தார்

பத்து வருஷம் கழித்து, 1931 செப்டம்பரில், வட்டமேஜை மகாநாட்டுக்காக காந்திஜி இங்கிலாந்து சென்றார். லண்டனில் பிரபுக்களைச் சந்தித்ததோடு நிற்காமல் லங்காஷயருக்கும் போனார். தமிழ்நாட்டு ரயிலில் அவர் கண்ட சீமைத் துணியின் பெயர் போன தாயகம் அந்தப் பிரதேசந்தான். இந்தியாவில் நடந்த பகிஷ்காரத்தால் ஆலைகள் பல மூடிக் கிடந்தன. வேலையிழந்த தொழிலாளிகள் தெருவில் நின்றார்கள். தங்கள் பிழைப்பில் கை வைத்தவர் வருகிறார் என்றால் அவர்கள் கல்லெறிந்திருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. அவர்களோ சூழ்ந்துகொண்டு ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். சிரித்த முகத்தோடு ஆலைத் தொழிலாளிப் பெண்கள் நடுவே அவர் நிற்கும் படம் உலகப் பிரசித்தம். அவர்களுடைய துயரத்தை அவர் மறுக்கவில்லை. அதைவிடக் கொடிய பட்டினி இந்தியக் கிராமங்களில் இருக்கிறது என்பதை மட்டும் எடுத்துச் சொன்னார்.

அதே வருஷம் நவம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தேநீர் விருந்துக்கும் மேலமாசி வீதியில் உடுத்த அந்தத் துண்டோடும் போர்வையோடுமே போனார். அந்த உடையைச் சர்ச்சில் ஏளனம் செய்ததும் 1931-ல்தான். ஏளனம் செய்தவரும் வியந்தவரும், அதன் பின்னால் பெயர் தெரியாத ரயில் பிரயாணிகளின் பதில் ஒன்று இருப்பதை அறிந்திருக்கவில்லை.

மாளிகை வாசலில்

புதுக்கோட்டைச் சீமைக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1921-ல் புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். 1948 மார்ச் 3-ந் தேதி இந்திய யூனியனோடு இணைந்து, பிறகு திருச்சி ஜில்லாவின் பகுதியாகி, 1974 ஜனவரி 14-ந் தேதி தனி மாவட்டமாயிற்று. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது 1929-ல். பாதை மானாமதுரை வரை நீண்டது 1930-ல். ஆகவே 1921-ல் மதுரைக்குப் போனவர்களுக்குப் புதுக்கோட்டை ஸ்டேஷன் என்ற ஒன்றே கிடையாது.

ராயவரம், கடியாபட்டி போன்ற நகரத்தார் ஊர்கள் சமஸ்தானத்துக்குள்ளேயே இருந்தன. அவற்றை அடுத்த கானாடுகாத்தானுக்குக் கதர் நிதி திரட்ட காந்திஜி வந்தது 1927 செப்டம்பரில். பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் இழைத்த மாளிகைகளில் அவருக்கு உபசாரம் நடந்தது. அறை அறையாக அந்நிய நாட்டு மேஜை நாற்காலிகளும் அலங்காரச் சாமான்களும் நெருங்கிக் கிடந்ததைப் பார்த்தார். உபசரித்தவர்கள் முன்னிலையிலேயே, பொதுக்கூட்டத்தில், தம் மனத்தாங்கலை மறைக்காமல் சொன்னார். வீட்டை அலங்கரிக்கும் குத்தகையைத் தம்மிடம் விட்டால், பத்தில் ஒரு பங்கு செலவில் இதைவிடச் சௌகரியமாக அமைத்துத் தருவதாகவும் வேடிக்கையாகச் சொன்னார். கேட்டவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, நிதிக்குத் தாராளமாகக் கொடுத்தார்கள்.

ரயிலில் ஏழை என்று சொன்னவர்களிடம் அவர் வாதாடவில்லை. மாளிகையில் இருந்தவர்களிடம் மட்டும் வாதாடினார். சொல்வதற்கான உரிமையை இடையில் இருந்த அந்தச் சிறு துண்டு அவருக்குக் கொடுத்திருந்தது.

கப்பலிலும் ஒரு சந்திப்பு

பிரயாணத்தில் நேர்ந்த சந்திப்பு பெரிய காரியத்துக்கு விதையாவது வேறிடத்திலும் நிகழ்ந்ததுண்டு. 1893-ல் ஜப்பானிலிருந்து அமெரிக்கா சென்ற கப்பலில் சுவாமி விவேகானந்தரும் ஜாம்ஷெட்ஜி டாடாவும் சகபிரயாணிகள். ஐந்து வருஷம் கழித்து, 1898 நவம்பர் 23-ந் தேதி, அந்தப் பிரயாணத்தை ஞாபகப்படுத்தி டாடா சுவாமிஜிக்குக் கடிதம் எழுதினார். தாம் எண்ணியிருந்த ஆராய்ச்சிக் கழகத்துக்கு அவருடைய ஆதரவை நாடினார். 1909-ல் பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகம் உருவாயிற்று.

அங்கே பேசிய இருவரின் பெயரும் சரித்திரத்தில் நிற்கிறது. மதுரை ரயிலிலோ ஒருவர் பெயர்தான் உண்டு. மற்றவர்கள் தங்கள் ஸ்டேஷன் வந்ததும் மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள். தாங்கள் சொன்ன நாலு வார்த்தை என்ன செய்தது என்பது அவர்களுக்குத் தெரிய வந்ததா? அடுத்த வாரம் பத்திரிகையில் காந்திஜியின் புதுக் கோலத்தைப் பற்றிப் படித்தபோது, நம்மோடு பேசிய பிறகல்லவா இப்படிச் செய்திருக்கிறார் என்று நினைத்தார்களா? அல்லது, யாரோ குல்லாய் போட்ட ஒருவர் வண்டியில் துணியைப் பற்றி உபதேசம் பண்ணினார் என்று வீட்டில் சொல்லிவிட்டு மறந்து போனார்களா?

இன்று புதுக்கோட்டை ஸ்டேஷனில் காரைக்குடிப் பக்கம் போகும் வண்டியில் ஏறினால் சிறிது நேரத்தில் திருமயம் கோட்டை கண்ணில் படும். அதற்குள் எதிரே இருப்பவர் "எங்கே எறங்கணும்?" என்று கேட்டிருப்பார். இப்போது பலர் கைப்பேசியில் கண் பதித்திருக்கிறார்கள். காதில் ஒலிக்கருவி வேறு. கேட்டவர் குரல் விழாமல் போவதும் உண்டு. ஆனாலும் பூக்கூடைக்கார அம்மாள் விடமாட்டார். தோளைத் தொட்டு, "ஏந்தம்பி, ஒன்னையத்தான்" என்பார். காதிலிருப்பதைக் கழற்றிவிட்டு அவருக்கு இரண்டு வார்த்தை பதில் சொல்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. அவர் சொல்வதையும் கொஞ்சம் கேட்கலாம்.